காசுக்குத் தக்க பூதம்

சென்ற கோடை விடுமுறையில் நம் சகோதரியின் பிள்ளை பத்து நாள் நம் வீட்டில் வந்து தங்கியிருந்தான். பன்னிரண்டு வயதுப் பையன். ஒரு நாள் இரவு சாப்பாடு முடிந்ததும், "மாமா, ஒரு படம் போடுகிறேன். நீங்களும் பாட்டியும் அவசியம் பார்க்க வேண்டும்" என்று கட்டாயப் படுத்தினான். போட்டான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் பெருஞ் சூறாவளி அடிக்கிறது. காற்று கடல் நீரை உறிஞ்சி எடுக்கிறது. நீரோடு சுறா மீன்களையும் எடுக்கிறது. தெருவிலும், வீட்டுக் கூரையிலும், மோட்டார் வண்டிகளின் மேலும் சுறாக்கள் மழையாய்ப் பொழிகின்றன. அவை சும்மா விழுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. வாயைத் திறந்தபடியே வந்து, எதிர்ப்பட்ட ஆளை விழுங்கிக் கொண்டே விழுகின்றன!

மறுநாளைக்குக் கீரை ஆய்ந்து கொண்டிருந்த நம் தாயார் நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டா குழந்தை, சுறா மீன் தண்ணீரிலல்லவா மூச்சு விடும்? ஆகாசத்தில் எப்படி உயிரோடிருக்கிறது?" என்று கேட்டார். பையனிடம் இதற்குப் பதில் இல்லை. படம் எடுத்தவர்களிடமும் இல்லை. ஆனால் சிறிது நேரத்திற்கெல்லாம் கீரை முறம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. கதாநாயகன் மரம் அறுக்கும் யந்திர வாளுடன் பறந்து வரும் சுறாவின் வாய்க்குள்ளேயே பாய்கிறான். அதன் வயிற்றை உள்ளிருந்து அறுத்துக் கொண்டு வெளியே வருகிறான். தான் வந்ததோடு, முன்பு விழுங்கப்பட்ட ஒரு பெண்ணையும் உயிரோடு இழுத்து வருகிறான். இந்தக் கட்டத்தில் நம் தாயார் சிரித்த சிரிப்பை நாம் பல வருஷங்களாகக் கேட்டதில்லை.

நடிப்பு சுமார். கதை அதைவிடச் சுமார். ஒரு காட்சியில் மழை கொட்டுகிறது. அடுத்த காட்சியில் அதே தெருவில் பளிச்சென்று வெயில் அடிக்கிறது. ஆயினும் மூன்று தலைமுறையைச் சேர்ந்த மூன்று பேர் கடைசி வரையில் எழுந்திராமல் பார்த்தோம். இது ஏன் என்று அன்றிரவு படுக்கையில் யோசித்தோம். அதன் பிறகு இவ்வினப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் வியாதி நம்மைப் பற்றிக் கொண்டது. அந்த ஆராய்ச்சியின் பலனையே இங்கே நேயர்களுக்குச் சமர்ப்பிக்கிறோம்.

பையன் காட்டிய படத்தின் பெயர் 'ஷார்க்நேடோ'. அமெரிக்காவில் ஸைஃபை என்ற டெலிவிஷன் நிலையத்தார் 2013-ம் ஆண்டு ஜூலை 11-ம் தேதி இரவு இதை முதன் முதலாக ஒளிபரப்பினார்கள். கொட்டகைக்காக எடுத்த படம் அல்ல. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே எடுத்தது. டெலிவிஷனுக்கென்றே சொற்பப் பணத்தில், சொற்ப நாட்களில் எடுக்கப்படும் பூதப் படங்கள் என்று ஒரு ஜாதியே அந்த தேசத்தில் உண்டு. அந்த ஜாதிக்கு நீண்ட வம்சாவளியும் உண்டு.

வம்சத்தின் மூல புருஷர்களில் ஒன்று, 1956-ல் ரோஜர் கார்மன் என்பவர் எடுத்த 'இட் காங்கர்ட் தி வோர்ல்ட்' என்னும் படம். உலகத்தை வென்ற பிராணி என்று அர்த்தம். இது டெலிவிஷன் படமன்று, கொட்டகைப் படந்தான். ஆனால் சிக்கனத்தில் குருபீடம். உலகத்தை வெல்ல வந்த பிராணி சுக்கிர கிரகத்திலிருந்து வருகிறது. கார்மன் பொறியியல் படித்தவர். அந்நிய கிரகத்தில் ஆகர்ஷண சக்தி அதிகமாயிருக்கும், அங்கே வாழும் பிராணி தரையோடு தரையாய்க் குள்ளமாகத்தான் இருக்க வேண்டும் என்று சாஸ்திரீயமாக யோசித்து, பால் பிளைஸ்டெல் என்ற கலைஞரைக் கொண்டு அவ்விதமே ஒரு ரப்பர் பூதத்தைச் செய்வித்தார். (உண்மையில் சுக்கிரனின் ஆகர்ஷண சக்தி பூமியினுடையதை விடச் சற்றுக் குறைவு. அது கிடக்கட்டும்.) படப்பிடிப்பு நாளன்று கதாநாயகி பெவர்லி கார்லண்ட் அம்மையார் பூதத்தின் எதிரில் வந்து நின்றார். அது அவருடைய இடுப்பளவுகூட இல்லை. இதுவா உலகத்தை ஜயித்தது என்ற பாவனையில் அதைக் காலால் ஓர் உதை விட்டாராம்! கார்மன் அன்று பிற்பகலுக்குள்ளேயே பூதத்துக்கு உயரம் கூட்டச் செய்து விட்டார்.

இந்த உதையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் இதற்கு வருவோம்.

டெலிவிஷன் பெட்டி அமெரிக்க வீடுகளில் நுழைந்த காலத்தில், நிலையத்தாருக்கு இராப் பொழுதை நிரப்பப் படங்கள் போதவில்லை. 1957-ல் யூனிவர்ஸல் கம்பெனியின் பழைய பயங்கரப் படங்கள் ஐம்பத்திரண்டை ஒரே கட்டாகக் கட்டி நிலையங்களுக்கு விற்றார்கள். நள்ளிரவில் இவற்றைப் போடும்போது, பேய் வேஷம் தரித்த ஒருவர் இடையிடையே தோன்றிப் படத்தைக் கேலி செய்வார். நமது கூத்துக்களில் கட்டியங்காரன் வந்து ராஜாவையே பரிகாசம் செய்வதில்லையா, அதைப் போலத்தான். லாஸ் ஏஞ்சல்ஸில் 1954-லேயே 'வாம்பைரா' என்ற வேஷத்தில் ஒரு மாது இதை ஆரம்பித்து வைத்தார். ஆக, வீட்டில் பார்க்கும் பூதப் படமும் அதைப் பற்றிய கேலியும் கிட்டத்தட்ட ஒட்டிப் பிறந்தவை.

பிறகு வர்ணப் படங்கள்தான் வேண்டும் என்று நிலையங்கள் கேட்கத் தொடங்கின. முன் சொன்ன கார்மனின் படம் முதலியவற்றை வெளியிட்ட அமெரிக்கன் இண்டர்நேஷனல் கம்பெனியாரிடம் இருந்தவையோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. டெக்ஸாஸ் மாகாணத்திலிருந்த லாரி புக்கானன் என்பவரைக் கூப்பிட்டு, பழைய கதைகளையே வர்ணத்தில் டெலிவிஷனுக்காகத் திருப்பி எடுக்கச் சொன்னார்கள். பணம் கொடுத்தார்களா என்றால், கொடுத்தார்கள். பூதத்துக்கு ஒரு காலும் வாலும் செய்யப் போதுமான அளவு கொடுத்தார்கள். இவ்வாறு 1966-ல் பிறந்ததுதான் 'ஸோண்டார்' என்ற படம். உதை வாங்கிய அதே சுக்கிர கிரகத்துப் பூதத்தின் கதைதான். இம்முறை வௌவாலின் சாயலில் ஒரு குகையில் பதுங்கிக் கொண்டது. அதற்கு முந்திய வருஷம் அவர் எடுத்த 'அட்டாக் ஆப் தி ஐ கிரீச்சர்ஸ்' என்ற படத்தின் கதி இன்னும் பரிதாபம். பூதங்களுக்கு முழு உடுப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சில பூதங்கள் தலையில் மாத்திரம் முகமூடியை மாட்டிக் கொண்டு, கழுத்துக்குக் கீழே சாதாரணக் கறுப்புச் சட்டையுடன் ஓடி வருகின்றன. படத்தின் பெயர்ப் பலகையிலேயே 'தி' என்ற சொல் இரண்டு முறை விழுந்திருக்கிறது. எழுத்துப் பிழை திருத்தக்கூட ஒருவருக்கும் மனமில்லை, அல்லது நேரமில்லை.

இதைப் பார்த்து நாமும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடிந்த பிறகு சற்று வருத்தமாகவும் இருந்தது. ஏழைமை வேறு, அலட்சியம் வேறு அல்லவா? குள்ளப் பூதம் செய்த பிளைஸ்டெல் ஏழைமையில் செய்தார். தம்மால் ஆன மட்டும் யோசித்துக் கையால் செய்தார். கறுப்புச் சட்டையுடன் ஓடிவந்த பூதத்தைப் பற்றி அவ்விதம் சொல்வது கடினம். பார்க்கிறவன் வீட்டில் இலவசமாகத்தானே பார்க்கிறான், அவனுக்கு இது போதும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

போதாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள் என்பதற்கு 1970-ஐ ஒட்டிய வருஷங்களே சாட்சி. ஏ.பி.சி. நிலையத்தார் வாரந்தோறும் டெலிவிஷனுக்கென்றே ஒரு புதுப் படம் போட்டு வந்தார்கள். விளம்பரங்களுக்கு இடம் விட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். 1971-ல் இவ்வரிசையில் வந்த 'டூயல்' படத்தை எடுத்தவர் அப்போது இருபத்து நான்கு வயது வாலிபராயிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பர்க். சுமார் இரண்டு வாரத்தில் எடுத்து முடித்தார். அதில் பூதம் ஏது? ஒரு பழைய அழுக்குப் பிடித்த லாரிதான் பூதம்! ஒரு மனிதனை நெடுஞ்சாலையில் மைல் கணக்காகத் துரத்துகிறது. ஓட்டுகிறவன் முகத்தைக் கடைசி வரையில் நாம் பார்ப்பதில்லை. ரப்பரும் வேண்டாம், சாயமும் வேண்டாம். ஐரோப்பாவில் இன்னும் சில காட்சிகளைச் சேர்த்துக் கொட்டகைகளிலேயே இதை ஓட்டினார்கள். 1972-ல் ஸி.பி.எஸ். நிலையம் போட்ட 'கார்காயில்ஸ்' படத்தில் சிறகு முளைத்த பூதங்கள் மனிதர்களுக்கு மாட்டிய உடுப்புக்கள்தான். ஆனால் அந்த ஒப்பனைக்கு எம்மி பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஸ்டான் வின்ஸ்டன் பிற்காலத்தில் 'ஜுராஸிக் பார்க்' படத்துக்கு ராட்சதப் பல்லிகள் செய்து உலகப் புகழ் பெற்றார்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் என்று நாம் கருதுவது 1975 மார்ச் மாதத்தில் ஏ.பி.சி. ஒளிபரப்பிய 'ட்ரிலஜி ஆப் டெரர்' படத்தின் மூன்றாவது கதை. ஒரு பெண், ஒரு வீடு, ஒரு மரப் பொம்மை. அவ்வளவுதான். பொம்மை ஒரு முழ உயரங்கூட இராது. கையில் சிறு ஈட்டி. அதன் இடுப்பிலுள்ள தங்கச் சங்கிலி நழுவி விழுந்ததும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. படம் பிடிக்கும் யந்திரத்தைத் தரையோடு தரையாக வைத்துக் கம்பளத்தின் மேல் விரைவாக ஓட்டியிருக்கிறார்கள். பொம்மையின் கண்ணால் நாம் பார்க்கிறோம்; அதாவது பொம்மையைப் பார்க்கவேயில்லை. அந்தப் பெண் அதைக் குளியல் தொட்டியில் அமுக்குகிறாள். தோல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறாள். பெட்டிக்குள்ளிருந்து கத்தி வெளியே வருகிறது. கரேன் பிளாக் என்ற நடிகை ஒருவரே இவ்வளவையும் தாங்கி நிற்கிறார். இதில் ஒரு குற்றம் மாத்திரம் சொல்ல வேண்டும். ஜுனி என்ற அமெரிக்கப் பழங்குடி ஜாதியாரின் பொம்மை என்று கதையில் சொல்லுகிறார்கள். அந்த ஜாதியார் உண்மையில் செய்வது கல்லில் செதுக்கிய சிறு சிறு மிருக உருவங்கள். கொலைகாரப் பொம்மைகள் அல்ல. பிறர் தெய்வத்தைப் பூதமாக்குவது அயலார் எல்லோருக்கும் எளிதாகத்தான் இருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஸை-ஃபை என்று 1992-ல் தொடங்கிய நிலையம் (2009-ல் எழுத்தை மாற்றிக் கொண்டது) சனிக்கிழமை இரவுகளுக்கென்று பூதப் படங்களை வாங்கத் தொடங்கியது. உற்சாகமான வருஷங்களில் வருஷத்துக்குச் சுமார் இருபது படங்கள்! ஒரு படத்துக்குச் செலவு பத்து லட்சம் டாலரிலிருந்து இருபது லட்சம் வரையில். நமக்கு இது குபேர சம்பத்தாகத் தோன்றலாம். ஹாலிவுட்டில் பெரிய படம் ஒன்றில் சாப்பாட்டுச் செலவுக்கு இது காணுமா என்பதே சந்தேகம். ஆகவே கூலி மலிவான பல்கேரியாவுக்குப் போய்ப் பல படங்களை எடுத்தார்கள். ஸோபியா நகரத்துக் காடு அமெரிக்கக் காடாக வேஷம் போட்டது. கொசு மனிதன் கதையான 'மான்ஸ்கீட்டோ' (2005) அவ்விதம் போய் வந்த படங்களில் ஒன்று.

இந்தப் படங்கள் பெயரில் பிறக்கின்றன, கதையில் அல்ல. முதலில் இரண்டு பிராணிகளை ஒட்ட வைத்து ஒரு பெயர், பிறகு பெயருக்கேற்ற ஒரு சித்திரம், கதை கடைசியில். நமது கார்மன், குள்ளப் பூதம் எடுத்தவர், எண்பது வயதுக்கு மேலும் இந்தத் தொழிலில் இருந்தார். 2004-ல் முதலைப் பூதப் படம் ஒன்று தயாரித்துக் கொடுத்தார். பாதி சுறா, பாதி அஷ்டபாதம் என்று 'ஷார்க்டோபஸ்' என்ற பெயரை நிலையத்தார் நீட்டியபோது முதலில் அவரே மறுத்துவிட்டார். அசட்டுத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் ஜனங்கள் திரும்பிக் கொள்வார்கள் என்பது அவருடைய கொள்கை. பிறகு மனம் மாறி 2010-ல் தயாரித்தார். ஜனங்கள் திரும்பிக் கொள்ளவில்லை. அந்தப் படத்தில் அவரே ஒரு நிமிஷம் தோன்றுகிறார். கடற்கரையில் ஒரு பெண் தங்க நாணயம் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். பூதம் அவளை இழுத்துக் கொண்டு போகிறது. பார்த்துக் கொண்டிருந்த கிழவர் எழுந்து வந்து நாணயத்தை எடுத்துக் கொள்கிறார். அந்தக் கிழவர்தான் கார்மன்! தம் தொழிலைப் பற்றி அவர் சொன்னதிலெல்லாம் இதுவே மிகவும் நேர்மையானது என்று நினைக்கிறோம். 2024-ல், தொண்ணூற்றெட்டாம் வயதில் காலமானார்.

இப்போது அந்த உதைக்கு வருவோம். பெவர்லி கார்லண்ட் தம் எதிரியை உதைக்க முடிந்தது. ரப்பரானாலும் அது அங்கே இருந்தது. வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. அதன் நிழல் தரையில் விழுந்தது. இன்றைய பூதம் கம்ப்யூட்டரில், படப்பிடிப்பு முடிந்த பிறகு, வேறு ஊரில், வேறு மனிதர்களால் வரையப் படுகிறது. நடிகர் வெறும் வெளியைப் பார்த்து அலற வேண்டும். நான்கு பேர் நின்றால் நால்வரும் நாலு திசையைப் பார்த்து அலறுகிறார்கள். பிராணி வரைவதுகூடப் பெரிதல்ல. பிராணி தண்ணீரில் குதித்தால் தண்ணீர் தெறிக்க வேண்டும், காரின் மேல் விழுந்தால் கார் நசுங்க வேண்டும். செலவும் நாட்களும் இங்கேதான் பிடிக்கின்றன. அதற்கு அவகாசம் இல்லாதபோது பிராணிக்குக் கனமே இருப்பதில்லை. காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல் மிதக்கிறது. ஒரே சுறா ஒரே விதமாகத் திரும்பும் ஒரே காட்சியை மூன்று தடவை காட்டுகிறார்கள். இரவு பகலாகக் கண்ணைக் கெடுத்துக் கொண்டு அதை வரைந்த வாலிபர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் பூதத்தை மறைத்து வைக்கலாமே! 1975-ல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தை ஸ்பீல்பர்க் எடுத்தபோது யந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி மக்கர் செய்தது. வேறு வழியின்றி அதைக் காட்டாமலே எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் மீனை முழுசாகக் காட்டவில்லை. அதுவே அந்தப் படத்தின் பெரிய பலமாயிற்று. டெலிவிஷன்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பார்ப்பவன் கையில் நிலையம் மாற்றும் கருவி இருக்கிறது. முதல் சில நிமிஷங்களுக்குள் ஓர் ஆளையாவது பூதம் தின்று காட்ட வேண்டும். பிறகு விளம்பர இடைவேளை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நைவேத்தியம். இப்படி ஏழெட்டு இடைவேளை.

இருந்தும் இவை பிடிப்பதற்குக் காரணம் என்ன? பெரிய படம் பார்க்கும்போது வாயை மூடிக் கொண்டு பார்க்கிறோம். இங்கே வீட்டிலுள்ள எல்லோருக்கும் பேச உரிமை இருக்கிறது. அடுத்தபடி யார் பலி என்று பையன் சொல்கிறான். ஏன் அந்தப் பெண் தனியாகப் போகிறாள் என்று பாட்டி கோபித்துக் கொள்கிறாள். 'ஷார்க்நேடோ' முதல் நாள் ஓடியபோது இணையத்தில் ஜனங்கள் நிமிஷத்துக்கு ஐயாயிரம் குறிப்புகள் வரையில் எழுதித் தள்ளினார்கள். அன்று பார்த்தவர்கள் சுமார் பதினாலு லட்சம் பேர். அதே மாதத்தில் மூன்றாம் முறை போட்டபோது இருபத்தொரு லட்சம். மறு வருஷம் வந்த இரண்டாம் பாகத்துக்கு முப்பத்தொன்பது லட்சம். ஊரே சேர்ந்து உட்கார்ந்து கேலி செய்யும் சந்தோஷம் அது.

ஆனால் அங்கேதான் சீரழிவும் ஆரம்பித்தது. கேலிக்கு இவ்வளவு கிராக்கி என்று தெரிந்ததும், படம் எடுத்தவர்கள் தாங்களே முந்திக் கொண்டு கேலி செய்யத் தொடங்கினார்கள். மூன்றாம் பாகத்தில் சுறாக்கள் ஆகாய மண்டலத்துக்கே போயின. 2018-ல் வந்த ஆறாம் பாகத்தில் காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்தன. பிரபலஸ்தர்கள் வரிசையாக வந்து ஒரு வசனம் பேசி மீன் வாயில் விழுந்தார்கள். நாம் ஆறையும் பார்த்தோம் (கடமை!). நான்காவதில் நம் தாயார் எழுந்து போய்விட்டார். "இவர்களே சிரித்துக் கொண்டால் நான் எதற்கு?" என்றார். நாம் பத்திரிகைக்காரர்; இதை நாலு பக்கத்தில் எழுதியிருப்போம். முதல் படத்தில் கதாநாயகன் மனைவி மக்களைக் காப்பாற்ற உண்மையாகவே பதறுகிறான். சுறா மழையில் ஒருவன் உண்மையாகப் பதறுவதனால்தான் நமக்குச் சிரிப்பு. அவனும் நம்மைப் பார்த்துக் கண்ணடித்தால் அங்கே யாருக்கு என்ன ஆபத்து?

சுறாவின் கட்சியிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'ஜாஸ்' வெகு நன்றாக எடுக்கப்பட்ட படம். அதனாலேயே அது சுறாவுக்குப் பெருந் தீங்கு செய்தது. பலர் சுறாவைக் கொல்வதே வீரம் என்று கிளம்பினார்கள். மூலக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பின்னால் மனம் வருந்தித் தம் வாழ்நாளில் மிகுந்த பகுதியைக் கடற் பிராணிகளைக் காக்கும் வேலையில் கழித்தார். உலகெங்கும் சுறாவின் வாயில் இறக்கும் மனிதர்கள் பெரும்பாலான வருஷங்களில் பத்துப் பேருக்குள். மனிதன் வருஷந்தோறும் கொல்லும் சுறாக்களோ சுமார் பத்துக் கோடி என்று 2013-ல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். மோசமான படத்தின் காகிதச் சுறாவைப் பார்த்துப் பயந்து எவனும் தூண்டில் எடுக்கப் போவதில்லை. இந்த மட்டில் மட்டமான பூதமே நல்ல பூதம்!

பையன் ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முந்தி, "உங்கள் காலத்துப் படமெல்லாம் பயமாகவே இராது, மாமா" என்று சவால் விட்டான். அந்த மரப் பொம்மைக் கதையைப் போட்டுக் காட்டினோம். அரை மணிக்கும் குறைவான கதைதான். முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் குடித்தான். விளக்கை அணைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக் கொண்டான்.

காலையில் எழுந்து பார்த்தால், அறை மூலையில் வெகு காலமாகக் கிடந்த நமது பழைய தோல் பெட்டி வெளித் தாழ்வாரத்துக்குப் போயிருந்தது. பையனைக் கூப்பிட்டு, "ஏன், ரொம்பப் பயந்துவிட்டாயோ?" என்று கேட்டோம்.

"நான் எடுத்து வைக்கவில்லை, மாமா" என்றான் பையன். "பாட்டிதான் விடியற்காலையில் கொண்டுபோய் வைத்தாள்."